நாற்பது மூட்டைகளும் ஒரு கோணி ஊசியும்

தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு சின்ன வெடிமருந்துக் கம்பெனியில் கொள்முதல் வேலை பார்த்தேன். கிணறு வெட்டவும் கல் உடைக்கவும் வெடி செய்கிற, லைசென்ஸ் பெற்ற இடம். ரசாயனங்களெல்லாம் முதலாளி வழியாக, முத்திரை வைத்த தாள்களோடு வரும். காகிதம், சணல், அட்டைப்பெட்டி, கலவையில் சேர்க்கிற நிலக்கடலை ஓட்டுத் தூள் இவ்வளவுதான் என் பொறுப்பு. சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். நான் வாங்கியதோ எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் தோல்.

கம்பெனிக்குள் இரும்பு நுழையக் கூடாது. அள்ளுகிற கரண்டிகூட மரம்தான். பெண்கள் கொண்டை ஊசியைக் கழற்றி வாசலில் இருக்கும் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் கலவைக் கொட்டகைக்குள் போவார்கள். தூளில் ஓர் இரும்புத் துண்டு கிடந்து கலவையில் உரசினால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால் தூள் அரைத்துத் தரும் ஆலைக்காரர்களிடம் நான் ஆடாத ஆட்டம் இல்லை. ஒரு கம்பித் துண்டு கிடைத்தாலும் லோடையே திருப்பி அனுப்புவேன். எனக்கு வாய் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூர் ஆலையில் என் தலையைக் கண்டாலே எடை போடுகிறவர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

ஒவ்வொரு மூட்டையின் வாயையும் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்துப் பார்த்து, நானே தைத்து மூடுவேன். அதற்கென்று சொந்தமாக ஒரு கோணி ஊசி வைத்திருந்தேன். விரல் நீளம் இருக்கும், நீல நைலான் நூல் கோத்தது.

அன்று பௌர்ணமி, திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம். காலையிலேயே ஆலையில் நாற்பது மூட்டைகளைத் தைத்து வேனில் அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் டீக்குச் சில்லறை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். ஊசி இல்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஆலைக்குத் திரும்பி ஓடித் தரையெல்லாம் கூட்டிப் பார்க்கச் சொன்னேன்.

"மூட்டையிலயே குத்தி வச்சிருப்பீங்க சார்," என்றார் எடைக்காரர், சர்வ சாதாரணமாக.

பூத்திலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டேன். பௌர்ணமியன்று லைன் எங்கே கிடைக்கிறது? பஸ் ஏறினேன், அதையும் திருவண்ணாமலைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பெனிக்குக் குறுக்கு வழி என்று கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் ஓடினேன். "இப்படிச் சுத்தக் கூடாதுங்க," என்று வழியெல்லாம் திருத்தினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கலவை தொடங்கிவிடும், கொட்டகைக்குள் எட்டுப் பெண்கள் இருப்பார்கள். அது மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

நான் போய்ச் சேர்ந்தபோது, கலவைக்குப் பொறுப்பான அக்கா முதல் மூட்டையைப் பிரித்துச் சல்லடையில் கொட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முதலாளி.

"கலக்கிட்டீங்களா அக்கா?"

"இன்னும் இல்ல. இன்னா தம்பி, இப்படி எரைக்குது?"

ஆலைக்காரன் ஊசி என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று தோன்றியது. சொல்லியும் இருப்பேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூட்டையில ஊசி இருக்கும்போல. என் ஊசிதாங்க," என்றேன்.

எங்கள் சல்லடையின் கண்ணில் ஊசி நேராக நின்றால் நழுவிக் கீழே போய்விடும். அதனால் முதலாளியே போய் ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை வாங்கிவந்தார். வெட்டவெளியில் தார்ப்பாய் விரித்து, ஒவ்வொரு மூட்டையாகக் கொட்டிப் பரப்பி, துணி சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டினோம். மூக்கிலும் கண்ணிலும் தூள். இருபத்தேழாவது மூட்டையில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. காந்தத்தில் ஊசி ஒட்டியிருந்தது.

எல்லோரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "சரி, மூஞ்சி கழுவிட்டு வேலையப் பாருங்க," என்றார் முதலாளி.

ஊசியைக் கையில் வாங்கினேன். துரு ஏறி, காது உடைந்திருந்தது. நீல நூல் இல்லை. பெண்கள் குழாயடிக்குப் போய்விட்டார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கும் நேரம் நான் பேசாமல் நின்றேன். அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"அக்கா, இது என்னுது இல்ல."

மிச்சம் பதின்மூன்று மூட்டைகளையும் கொட்டினோம். எதுவும் இல்லை. முதலாளி அந்த லோடையே ஒதுக்கி வைத்துவிட்டார்.

மறுநாள் வேன் டிரைவர் என் ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆலைத் தராசுக்குப் பக்கத்து மரத்தூணில், தலை உயரத்தில் குத்தியிருந்ததாம். நான் குத்தியதுதான். தரையைத் தேடிய எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

அக்கா சிரிப்பார் என்று நினைத்து அவரிடம் ஓடினேன். அவர் வாசலில் நின்றபடி நீல நூலைப் பார்த்தார்.

"அப்ப அந்தத் துரு ஊசி?"

"ஆலையில எவனோ வுட்டதுங்க அக்கா. நல்லவேளை, நீங்க கண்டுபுடிச்சிட்டீங்க."

"நாங்க எங்க கண்டுபுடிச்சோம்? உன் ஊசியத் தேடனோம்." கொண்டைக்குக் கையைக் கொண்டுபோனார். "ரெண்டு வருஷமா நீதான தம்பி கைய வுட்டுப் பாத்து அனுப்புன. அந்த மூட்டைங்கள்ல இன்னா இருந்துச்சு?"

அவர் கொண்டை ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போனார்.