வரிசையாக வந்த வெளிச்சம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. அதனால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்கா. இஸ்திரி இயந்திரத்தின் கொதிக்கும் உருளைகளுக்கிடையே துணியைத் தள்ளும்போது ஒருநாளும் கை நடுங்கியதில்லை. விமானச் சத்தம் கேட்டால் மட்டும் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஒன்பது வயதில், போர் நடந்த ஊரில், விமானங்கள் வந்துபோன ஒரு சாயங்காலத்தில் கூடப்பிறந்த அக்காவைப் பறிகொடுத்தவள் அவள்.

அன்று பொழுது சாய்ந்த நேரம். மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். மேற்கே, எதிர்க் கட்டடத்துக்கு மேலாக ஒரு வெளிச்சம் எழும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கோடு கிழித்தாற்போல் இருபது, முப்பது. சத்தமே இல்லை.

துணியைப் போட்டது போட்டபடி ஓடினாள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, படிக்கட்டுக்கு அடியில் தள்ளி, அவள்மேல் கவிழ்ந்துகொண்டாள்.

“அம்மா, மூச்சு முட்டுது! என்னம்மா ஆச்சு?”

“பேசாத. காதைப் பொத்திக்கோ. வெடிச்சா காது போயிரும், வாயைத் திறந்தே வச்சுக்கோ.”

டிவி ஆன்டெனா பொருத்தும் கொழுந்தன் வேலை முடிந்து வந்தபோதும் இருவரும் அப்படியே கிடந்தார்கள்.

“அண்ணி, வெளிய வாங்க. நானும் வழியில பார்த்தேன். அது சாட்டிலைட். ஒரே ராக்கெட்டுல மொத்தமா அனுப்பியிருக்காங்க, அதான் ரயில் மாதிரி போகுது.”

“விளக்கு எரியுதே!”

“விளக்கு இல்ல அண்ணி. நமக்குத்தான் பொழுது போயிருச்சு. அவ்வளவு உயரத்துல இன்னும் வெயில் அடிக்குது. அது பட்டு மின்னுது. நாளைக்கும் ஏழேகாலுக்கு வரும்னு போன்ல போட்டிருக்கு, பாருங்க.”

“குண்டு?”

அவன் சிரிக்கவில்லை. “இல்ல அண்ணி. இன்டர்நெட்டுக்கு.”

மறுநாள் கொழுந்தனோடு மாடியில் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றாள். சொன்ன நேரத்துக்கு வந்தன. விஷயம் தெரிந்தும் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையைத் தாண்டியதும் முதல் வெளிச்சம் பொசுக்கென்று அணைந்தது. அடுத்ததும் அதே இடத்தில் அணைந்தது.

“எங்க போச்சு? எங்க போச்சு?”

“பூமியோட நிழலுக்குள்ள போயிருச்சு அண்ணி. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்.”

அதன்பிறகு தினமும் கொழுந்தனிடம் நேரம் கேட்டு வைத்துக்கொண்டு மாடியேறினாள். புள்ளிகள் நாளுக்கு நாள் விலகி மங்கின. ஒன்றும் செய்யாமல் அவை கடந்துபோவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

எட்டாம் நாள் வானம் மூட்டமாக இருந்தது. அன்று அவள் விடியும்வரை கண் மூடவில்லை.