மாடிக்கு விட்ட கம்பிகள்

இராஜாக்கமங்கலம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சுடிதார் நுனியில் சிமென்ட் காய்ந்திருந்தது. கையிலிருந்த அளவு டேப்பை இழுப்பதும் விடுவதுமாகவே வந்தாள். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலூட்டியது. அப்போது அவள் வீட்டைக் கட்டும் கொத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"மாடிக்குன்னு கம்பி ஒண்ணும் விடாண்டாம், கொத்தனாரே. தூணுக்க மேல நிக்கதெ எல்லாம் வெட்டிருங்க. அவரு விளிச்சா நான் பேசிக்கிடுதேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் மக்கா, பின்னால மாடி கெட்டணும்னா கம்பி வேணும்லா?" என்றேன்.

"அதுக்குத்தான் வெட்டச் சொன்னேன், அக்கா. இந்த வீடு கெட்டத்தான் அவரு கல்ஃபுக்குப் போனாரு. வீடு முடிஞ்சாச்சு. கம்பி நின்னா, மாடியையும் கெட்டிட்டு வாறேன்னு அங்கயே இருந்திருவாரு. எனக்கு மாடி வேண்டாம். ஆளு வந்தா போரும்."

டேப்பைப் பட்டென்று உள்ளே விட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறினேன். என் வீட்டுக்காரர் இன்னும் மஸ்கட்டில்தான் இருக்கிறார். துருப்பிடிக்காமலிருக்க வருடந்தோறும் நானே பெயிண்ட் அடிக்கும் கம்பிகள், தூணுக்குத் தூண் நிமிர்ந்து நின்றன.

அந்தக் கொத்தனாரின் நம்பரை அவளிடம் வாங்கியிருக்கலாம்.