ஆளுக்குப் பாதி ஸ்ட்ரிப்

ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகிற சமாச்சாரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஏந்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அடடா, நல்ல நீலம்!" என்று சந்தோஷப்படுகிற உத்தியோகம் ஒன்று உண்டு, அதற்கு லேப் டெக்னீசியன் என்று பெயர். எழுபதுகளின் கடைசியிலிருந்து பத்து வருஷம் போல, பழவேற்காட்டில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் நான் அந்த வேலை பார்த்தேன். வீடு மீஞ்சூரில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திக்கொண்டு, மெஷினில் என்ன எண் வரப்போகிறதோ என்று பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கிற சக அவதிக்காரர்களே, அப்போது இந்த மெஷின் எல்லாம் கிடையாது. வீட்டிலேயே சர்க்கரை பார்க்கவேண்டும் என்றால், ஒரு பாட்டில் நீல மருந்து, ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அந்த ஊர்க்காரர்கள் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

வயிற்றுக்குள் சாயப்பட்டறை

ஜுலைகா பீவிக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் பர்மாவுக்கும் சிங்கப்பூருக்கும் கைலி ஏற்றுமதி செய்த குடும்பம். வியாபாரம் போய்விட்டது, பெரிய வீடு மட்டும் மிச்சம். ஒரே மகன் துபாயில். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். மாத்திரைக்கு ஒப்புக்கொண்டார், பத்தியத்துக்கும் ஒப்புக்கொண்டார். ஆனால் பாட்டிலில் சிறுநீரைப் பிடித்துத் தெரு வழியாகக் கிளினிக்குக்குக் கொடுத்தனுப்ப மட்டும் ஒப்பவே இல்லை. "நீயே போய்ச் சொல்லிக் கொடுத்துட்டு வாம்மா" என்று டாக்டர் என்னை அனுப்பினார்.

கொல்லைப்புறத்தில் விளக்கை ஏற்றினேன். நீல மருந்தில் சிறுநீரைச் சில சொட்டுகள் விட்டுக் கொதிக்க வைக்கவேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், அதற்கும் மேலே ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழாய் கொதித்தது. நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று, மஞ்சள் சிவந்துகொண்டே போய்ச் செங்கல்லில் நின்றது. நான் இதை எத்தனையோ முறை பார்த்தவள். அன்றைக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று எனக்கே உறைத்தது. பயப்படுவார் என்று நினைத்தேன். குழாயை என் கையிலிருந்து வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்க வாப்பா சொந்தமா ஒரு சாயப்பட்டறை வைக்கணும்னு கடைசி வரைக்கும் ஆசைப்பட்டாரு தங்கச்சி, அது எவ்ளோ நாளா எம் வயித்துக்குள்ளயே நடந்துக்கிட்டு இருக்குது பாரு!"

ஒளித்து வைத்த குடம்

பசியாவரம், பழவேற்காட்டு உப்பு ஏரிக்குள் இருக்கிற தீவு. குடிதண்ணீர் அங்கே சுலபமான சரக்கு இல்லை. ஒவ்வொரு குடமும் பாடுபட்டு வருவது. அங்கிருந்து கன்னியம்மா என்கிற பெண் தன் மகள் அஞ்சலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். கன்னியம்மா ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவள். மகளுக்கு எட்டு வயது என்றாள். தூக்கிப் பார்த்தால் ஐந்து வயதுக் குழந்தையின் கனம்கூட இல்லை. வந்ததிலிருந்து அந்தச் சிறுமி என் மேஜை மேலிருந்த தண்ணீர் ஜக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோதித்தேன். விளக்கில் காட்டிய உடனே செங்கல் நிறம். ஜுலைகா பீவிக்கு வந்ததைவிட அடர்த்தி. சிறுபிள்ளைகளுக்கு வருகிற சர்க்கரை, ஆயுள் முழுக்க தினமும் ஊசி போடவேண்டும் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். இந்த வியாதிக்குத் தாகம் அடங்காது என்றும் சொன்னார். கன்னியம்மா ஜக்கை எடுத்து மகளின் வாயில் அவளே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கம்பக்கத்து வூட்டுக் குடத்துல எல்லாம் தண்ணி திருடிக் குடிக்கிறாளேன்னு அடிச்சேன் லேப்பம்மா, குடத்தை ஒளிச்சு வச்சேன், இந்த நீலத் தண்ணி ஒரு சொட்டு எங்கூர்ல இருந்திருந்தா அடிச்சிருக்க மாட்டேனே."

நிறத்துக்கு ஒரு பஞ்சாயத்து

இன்சுலின், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைத்தது. ஐஸ் பெட்டி ஏது? மண்சட்டியில் ஈரமணல் பரப்பி அதற்குள் புதைத்து வைத்தார்கள். நீல மருந்தை நான் தயாரித்துக் கொடுத்தேன். காலையில் நிறம் பார்த்து அதற்குத் தக்கபடி ஊசியின் அளவு. எழுதப் படிக்கத் தெரியாத கன்னியம்மா ஒரே வாரத்தில் இதைக் கற்றுக்கொண்டாள்.

எப்படி நடக்கிறது பார்க்கலாம் என்று ஒருநாள் காலையில் தோணி ஏறிப் போனேன். போனால், அவள் குடிசை வாசலில் ஒரே கூட்டம். யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடினேன். ஒன்றும் ஆகவில்லை. அஞ்சலையின் நிறம் பார்க்கத் தினமும் வருகிற கூட்டம்தான் அது. வலைக்குப் போகிற ஆண்கள்கூட, இன்றைக்கு என்ன நிறம் என்று தெரிந்துகொண்டுதான் தோணியைத் தள்ளுவார்களாம். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் கண் இருந்தது, எல்லோருக்கும் கருத்தும் இருந்தது. கன்னியம்மா பச்சை என்றாள். மற்றவர்கள் மஞ்சள் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் குழாயைச் சூரியனுக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"இம்மாம் பேர் மஞ்சள்ன்றோம், நீ ஒருத்தி பச்சைன்ற, புள்ளைய வச்சுக்கினு வீம்பு பண்ணாத, இல்லன்னா சாயங்காலம் பஞ்சாயத்துல வச்சுக்கலாம் வா."

தட்டில் இருந்த கல்கண்டு

இரண்டு மூன்று வருஷம் அப்படியே ஓடியது. ஒரு கோடைக் காலையில் பசியாவரத்தில் ஒருவருக்கு ரத்தம் எடுத்துவிட்டுத் தோணியில் திரும்பிக்கொண்டிருந்தேன். அதே தோணியில் கன்னியம்மாவும் அஞ்சலையும் டாக்டரைப் பார்க்க வந்தார்கள். ஒரு நிச்சயதார்த்தக் கோஷ்டியும், மாப்பிள்ளையின் அம்மா தலைமையில், வண்ணக் காகிதம் சுற்றிய சீர்த்தட்டுகளோடு ஏறியிருந்தது. "இன்னிக்கு நல்ல நீலம்" என்று கன்னியம்மா பெருமையாகச் சொன்னாள். ஊசி போட்டாயிற்று, இரண்டு வாய் கூழும் குடித்தாயிற்று, மீதி சாப்பாடு கரைக்குப் போய்.

ஏரி வற்றியிருந்தது. பாதி வழியில் தோணி சேற்றில் தட்டி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள், அசையவில்லை. வெயில் ஏறியது. அஞ்சலை சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினாள். தூக்கம் என்று நினைத்தோம். திரும்பிப் பார்த்தபோது சட்டை எல்லாம் வியர்வையில் நனைந்து, கண் சொருகி, அம்மா மடியில் துவண்டு கிடந்தாள். கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டது. "யார்கிட்டயாவது சர்க்கரை இருக்கா, வெல்லம் இருக்கா?" என்று கத்தினேன். மாப்பிள்ளையின் அம்மா மடியிலிருந்த தட்டைப் பார்த்தாள். நிச்சயத் தட்டைப் பெண் வீட்டுக்குப் போகும் முன்னே பிரிப்பது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த அம்மாள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "கண்ணாலம் நின்னா நிக்கட்டும், புள்ள எழுந்திரிக்கட்டும்" என்று காகிதத்தைக் கிழித்துக் கல்கண்டை அள்ளி நீட்டினாள்.

வாயில் ஊற்றினால் புரையேறிவிடும். கல்கண்டைப் பொடித்து, இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, ஈறிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தடவிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் உதடு அசைந்தது. பிறகு நாக்கு வெளியே வந்து எதையோ தேடியது. பிறகு கண்ணைத் திறந்து, எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அஞ்சலை கேட்டாள்:

"எனக்குத்தான் இனிப்பு ஆவாதே, இதை எவ என் வாய்ல போட்டது?"

ஒரே சட்டையில் இரண்டு பேர்

கிளினிக்கில் டாக்டர் விளக்கினார். நீல மருந்து, சர்க்கரை ஏறினால் மட்டும்தான் காட்டும். இறங்கினால் காட்டாது. சரியாக இருந்தாலும் நீலம், ஆபத்தாக இறங்கிப்போனாலும் அதே நீலம். அதோடு, சிறுநீர் சொல்வது சில மணி நேரத்துக்கு முந்திய கதை. இந்த நிமிஷம் என்ன என்று தெரியவேண்டுமானால் ரத்தத்தைத்தான் கேட்கவேண்டும். பாடப் புத்தகத்தில் நானும் படித்ததுதான். ஆனால் ஒரு தாயிடம் அதைச் சொல்லும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கன்னியம்மா கேட்டாள்:

"நல்லவனும் கெட்டவனும் ஒரே சட்டை போட்டுக்கினு வந்தா, எவனை உள்ள வுடறது எவனைத் தொரத்தறதுன்னு நான் இன்னா கண்டேன் டாக்டரே?"

கத்தரிக்கோல்

அந்த வருஷக் கடைசியில் ஜுலைகா பீவியின் மகன் துபாயிலிருந்து ஒரு சின்ன டப்பா கொடுத்தனுப்பினான். ரத்தம் பார்க்கும் ஸ்ட்ரிப். விரலில் குத்தி ஒரு சொட்டு வைத்து, ஒரு நிமிஷம் கழித்துப் பஞ்சால் துடைத்து, இன்னொரு நிமிஷம் கழித்து டப்பா மேலிருக்கும் வண்ணங்களோடு ஒப்பிடவேண்டும். ஏற்றமும் காட்டும், இறக்கமும் காட்டும். சென்னையில் ஒன்றிரண்டு கடையில் கிடைத்தது. அங்கே ஒரு டப்பா விலைக்குக் கன்னியம்மா வீட்டில் ஒரு மாதத்து அரிசி வாங்கிவிடலாம்.

அஞ்சலை பிழைத்த கதையை நான் ஏற்கெனவே பீவிம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவர் ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்து, தையல் கத்தரிக்கோலால் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, "இதுல பாக்க முடியுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கிளினிக்கில் ஒரே சொட்டு ரத்தத்தை முழு ஸ்ட்ரிப்பிலும் பாதி ஸ்ட்ரிப்பிலும் வைத்துப் பார்த்தேன். லேப் முறையிலும் தனியாகச் சோதித்தேன். மறுநாளும் செய்து பார்த்தேன். நிறம் ஒன்றாகவே வந்தது. டாக்டர், "கம்பெனிக்காரன் இதை ஒத்துக்கமாட்டான். ஆனா ஒண்ணும் பார்க்காததுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பாதி தீவுக்குப் போயிற்று. ஏன் இப்படி என்று உறவுக்காரர்கள் கேட்டதற்குப் பீவிம்மா சொன்னது என் காதில் விழுந்தது:

"அல்லா எனக்கு வியாதியையும் குடுத்து, துபாயில மவனையும் குடுத்தான், அந்தப் புள்ளைக்கு வியாதிய மட்டும் குடுத்துட்டு மிச்சத்தை எங்கிட்டத்தானே வச்சிருக்கான்?"

முதல் குத்து

பாதி ஸ்ட்ரிப்புகளோடு பசியாவரம் போனேன். ஊசியைப் பார்த்ததும் அஞ்சலை கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். தினமும் தொடையில் ஊசி போட்டுக்கொள்கிறவள்தான், ஆனால் விரல் என்றதும் பயம். "மொதல்ல எனக்குக் குத்துங்க, அவ பாக்கட்டும்" என்று கன்னியம்மா விரலை நீட்டினாள். குத்தினேன். இறங்கவில்லை. அழுத்திக் குத்தினேன். ஊசிமுனை வளைந்ததே தவிர, ரத்தம் வரவில்லை. வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் சிப்பியிலும் தேய்ந்த விரல், தோல் செருப்புப்போல் காய்த்திருந்தது. அடுத்த விரல், அதற்கடுத்த விரல், எல்லாம் அப்படியே. அஞ்சலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே தன் கையை முன்னால் நீட்டினாள். தொட்டதும் சிவப்பாக ஒரு சொட்டு எழும்பியது. கன்னியம்மா அந்தச் சொட்டையே பார்த்தாள்.

"எறாக் கொம்பே எறங்காத விரலு எனுது, அதுல ஒண்ணை எம்பொண்ணுக்கு மாத்தி வைக்க முடியாது, அது கை ஊசிக்குன்னே மெத்துனு பொறந்திருக்குது பாரு."

பேரீச்சம்பழத்தின் சர்க்கரை

இதைக் கேட்டுச் சிரியுங்கள், ஆனால் நீங்களும் செய்திருப்பீர்கள். ஒரு ரமலான் மாதம். பீவிம்மா நோன்பு திறந்த கையோடு சோதித்துப் பார்த்திருக்கிறார். டப்பாவில் இருக்கும் கடைசி நிறத்தையும் தாண்டிய கறுப்பு. வீடே அலறிவிட்டது. பொன்னேரியிலிருந்து கார் பேசி, சென்னைக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றிருந்த என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். பீவிம்மாவோ தெளிவாக உட்கார்ந்து, யாருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று கடைசி வார்த்தைகள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். விரல் பிசுக்கென்று ஒட்டியது. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, துடைத்து, மறுபடி குத்தினேன். வழக்கமான நிறம். பீவிம்மா விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காரைத் திருப்பி அனுப்புங்கடா, சக்கரை எனக்கில்ல, பேரீச்சம்பழத்துக்கு!"

பங்கு போடத் தெரியாத மெஷின்

எண்பதுகளின் பின்பாதியில் பீவிம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. டப்பாவின் வண்ணங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. அஞ்சலை அப்போது பழவேற்காட்டில் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தாள். தோணியிலிருந்து இறங்கி, நேராகப் பீவிம்மா வீடு. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆளுக்குப் பாதி ஸ்ட்ரிப்பில் சொட்டு வைப்பார்கள். அஞ்சலை இரண்டு நிறத்தையும் படிப்பாள். பிறகுதான் பள்ளிக்கூடம்.

தாய் படுகிற கஷ்டத்தைக் கேள்விப்பட்டு மகன் ஒரு மெஷின் அனுப்பினான். கண் தெரியாவிட்டால் பரவாயில்லை, எண் பெரிதாக வரும். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். முழு ஸ்ட்ரிப்பை வைத்தோம். பளிச்சென்று எண் வந்தது. அடுத்து அஞ்சலைக்காகப் பாதி ஸ்ட்ரிப்பை வைத்தேன். மெஷின் ஏதோ ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்துபோனது. திருப்பி வைத்தேன். மறுபடியும் அதே. முழுசாக இருந்தால்தான் அது படிக்கும் என்று விளங்கிற்று. "இனிமே நான் நீல மருந்தே பாத்துக்கிறேன் பீவிம்மா, நீங்க மெஷின்ல பாருங்க" என்று அஞ்சலை புத்தகப் பையை எடுத்தாள். பீவிம்மா தடவித் தடவி மெஷினை அதன் பெட்டிக்குள் வைத்து, மூடி, என்னிடம் நீட்டினார்:

"பாதி குடுத்தா வேலை செய்யாத சாமான் இந்த வூட்டுக்கு எதுக்கு, இதை டாக்டர்கிட்ட குடுத்துடு, அஞ்சலை, நீ உக்காந்து எனக்கு நிறம் பாரு புள்ள."

அதற்குப் பிறகு எத்தனையோ மெஷின்கள் வந்துவிட்டன, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சீக்கிரமாக எண்ணைச் சொல்கிறது, ஆனால் பாதி ஸ்ட்ரிப்பை ஏற்றுக்கொள்கிற மெஷினை மட்டும் இன்றுவரை எந்தப் புத்திசாலியும் செய்து முடித்ததாகத் தெரியவில்லை.