காவலாளி கண்ணில் பட்ட செருப்பு

விளையாட்டு வெளிவர ஆறு வாரம் இருந்தபோது, ஒளிந்து போகிற வழியை மொத்தமாக வெட்டிவிடலாமா என்று எங்கள் நிறுவனத் தலைவி கேட்டார். கேட்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவர் முடிவெடுத்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

தஞ்சோங் பகாரில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் பதினோரு பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. இரண்டு வருடமாக ஒரே ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். அந்தக் காலத்துத் துறைமுகம். மூட்டை சுமக்கும் ஒரு பெண், கிடங்கில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் தம்பியை மீட்க வேண்டும். ஆடுகிறவர் அந்தப் பெண்ணாகவே ஊரைச் சுற்றலாம், ஆட்களோடு பேசலாம், அவளுடைய திறமைகளை வளர்க்கலாம். காவலாளிகளைக் கடக்க இரண்டு வழி வைத்திருந்தோம். அடித்துப் போட்டுவிட்டுப் போகலாம். இல்லையென்றால் அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒளிந்து போகலாம். அடிதடி என் கூட்டாளியின் பொறுப்பு. ஒளிவது என்னுடையது.

கூட்டாளி என்று இங்கே சொல்வது பாலிடெக்னிக் நாளிலிருந்து என்னோடு சண்டை போடும் ஒருவனை. அன்றைய கூட்டத்திலும் அவன்தான் ஆரம்பித்தான்.

"ஆடிப் பார்த்தவங்க எல்லாருக்கும் ஒரே கம்ப்ளைன்ட்தான். மாட்டிக்கிட்டா எதுக்கு மாட்டிக்கிட்டோம்னே தெரியலயாம். காவக்காரன் தலைக்கு மேல ஒரு கண்ணு படம் போடு லா. அவன் பார்க்கப் பார்க்க அது ரொம்பிக்கிட்டே வரட்டும். எல்லா கேம்லயும் அதான் இருக்கு."

"அதனாலதான் வேணாங்கறேன். அப்புறம் யாரும் ஊரைப் பார்க்க மாட்டாங்க. அந்தக் கண்ணைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

"இப்ப மட்டும் என்னத்தப் பார்க்கறாங்க? செத்து செத்துத் திரும்ப ஆரம்பிக்கறாங்க."

அவன் சொன்னது உண்மை என்பதுதான் எனக்கு எரிச்சல். நிழலின் அடர்த்தி, விளக்கின் தூரம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை எல்லாம் வைத்துக் காவலாளி பார்ப்பானா மாட்டானா என்று முடிவு செய்யும் ஒரு ஏற்பாட்டை நான் ஒரு வருடம் உட்கார்ந்து கட்டியிருந்தேன். என் காவலாளி நியாயமாகத்தான் பிடித்தான். ஆனால் அந்த நியாயம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

தலைவி சீனர். கோபப்படாமல் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவார், அதைக் கேட்டால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். பத்து நாள் தருகிறேன், அடுத்த வாரக் கடைசியில் வரும் ஞாயிற்றுக்கிழமை சோதனையிலும் இதே புகார் வந்தால் அடிதடி மட்டும் போதும் என்றார். அடிதடிதான் நன்றாக இருக்கிறதே என்று வேறு சேர்த்துக்கொண்டார். நான் மடிக்கணினியைப் படாரென்று மூடிவிட்டு, இந்த விளையாட்டில் உயிருள்ள பகுதியைத்தான் வெட்டப் பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். என் வாய்க்கு எப்போதும் பூட்டு கிடையாது.

அங்கே நான் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று இருந்தது. அது தோ பாயோவில், நாங்கள் பிறந்து வளர்ந்த அதே வீட்டில், சாப்பாட்டு மேசை அருகே உட்கார்ந்திருந்தது.

என் அக்கா. சின்ன வயதில் எங்கள் வீட்டில் விளையாட்டு என்றால் அவள்தான். அவளுடைய கட்டைவிரல் போகும் வேகத்துக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக் பிள்ளைகள் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் ஒருமுறை கூட அவளை ஜெயித்ததில்லை. மூன்று வருடம் முன்பு நரம்பில் வந்த நோய் அவள் விரல்களின் வேகத்தை எடுத்துக்கொண்டது. பிடிக்க முடியும், அழுத்த முடியும், அவசரமாகத்தான் முடியாது. அரை மணி நேரம் ஆனால் கை நடுங்கும். என் கூட்டாளியின் அடிதடியில் காவலாளி கையை ஓங்கும் கணத்தில் மூன்று பொத்தான்களை அடுத்தடுத்துத் தட்ட வேண்டும். முதல் காவலாளியைத் தாண்ட அக்கா ஒரு மத்தியானம் முழுக்க முயன்றாள். பிறகு கையிலிருந்த விளையாட்டுக் கருவியை மேசையில் வைத்துவிட்டு, சோறு வடிக்கணும் என்று எழுந்து போனாள்.

அன்றிலிருந்து ஒளிந்து போகும் வழியில் ஒரு இடத்தில்கூட அவசரப்பட வேண்டியிராதபடி பார்த்துப் பார்த்துச் செய்தேன். அதை வெட்டினால் அக்காவால் என் விளையாட்டை முடிக்க முடியாது. இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலைவி அன்றே விட்டுக்கொடுத்திருப்பார். ஆனால் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"என் கையக் காட்டிக் கெஞ்சாத. நல்லா இருந்தா வைக்கட்டும். நல்லா இல்லைன்னா தூக்கிப் போடட்டும்."

ஆகவே நன்றாக இருக்க வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகப் பிடிக்கவில்லை. காய்ச்சல், கிளினிக்கில் வரிசையில் நிற்கிறேன், டாக்டரிடம் எம்சி சான்றிதழ் வாங்கி அனுப்புகிறேன் என்று கூட்டாளிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, வீட்டிலேயே வேலையை விரித்து வைத்துக்கொண்டேன். அக்கா எதிரில் உட்கார்ந்து புதிய பதிப்பை ஆடிக்கொண்டிருந்தாள். பதினொரு மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது.

சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கூட்டாளி, கையில் ஒரு சாப்பாட்டுப் பையோடு நின்றான். அக்காவிடம் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். மின்விசிறியை நிறுத்தினேன். காரிடார் பக்கத்துச் சன்னலுக்குக் கீழே குனிந்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். என் விளையாட்டில் அந்தப் பெண் பதுங்குவது அப்படித்தான். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான் இல்லையா?

வெளியேயிருந்து அவன் குரல் நிதானமாக வந்தது.

"நீ உள்ளதான் இருக்க."

இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"நீலப் பட்டை போட்ட செருப்பு உன்னோடது. ஆபீசுக்குப் போட்டுட்டு வர்ற ஷூவும் இங்கதான் கெடக்கு. கிளினிக்குக்கு வெறுங்கால்லயா போன?"

அக்கா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "கதவத் தொற. மாட்டிக்கிட்ட."

கையும் களவுமாகப் பிடிபட்டவள் முகத்தோடு கதவைத் திறந்தேன். அவன் தன் காலணியைக் கழற்றி எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக விட்டுவிட்டு உள்ளே வந்தான். மீன் கஞ்சியை மேசையில் வைத்தான்.

"ரெண்டு வருஷமா ஒளியறது எப்படின்னு எனக்குக் கிளாஸ் எடுத்தவ நீ."

அப்போதுதான் அவன் அக்காவின் கையைப் பார்த்தான். கருவியை மடியில் தாங்கி வைத்து, ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியாக, மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் அடிதடிப் பக்கமே போகாமல் ஆடுவதையும் பார்த்தான். அவனுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. வாயைத் திறக்கப் போனான்.

"ஆபீஸ்ல சொல்லாதீங்க," என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொல்லலக்கா."

என் கவனம் அவர்கள் பேச்சில் இல்லை. இரும்புக் கதவின் கம்பிகள் வழியாக வெளியே கிடந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் விளையாட்டில் செருப்பைக் கழற்றும் பொத்தான் ஏற்கெனவே இருந்தது. வெறுங்காலில் நடந்தால் சத்தம் வராது, அதற்காக வைத்தது. முதல் சோதனைகளிலேயே நான் ஒன்றைக் கவனித்துச் சிரித்திருந்தேன். ஆடியவர்களில் பலர், தேவையே இல்லாத இடத்திலும், எதிரியின் கிடங்கு வாசலிலும்கூட, நிலைப்படி வந்ததும் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனார்கள். பழக்கம். காவலாளிகள் அந்தச் செருப்பைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள். இந்த ஊரில் வாசலில் புதுச் செருப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போகும் ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள். அவ்வளவு பெரிய மடையர்களை நான்தான் படைத்திருந்தேன்.

"நான் எப்படி மாட்டினேன்னு எனக்கு ஒடனே தெரிஞ்சுது," என்றேன்.

"செருப்பு."

"கண்ணு படம் வேண்டியிருந்துச்சா?"

அவன் கஞ்சியைக் கிளறுவதை நிறுத்தினான். "செருப்பக் கையில எடுத்துக்கிட்டு உள்ள போனா?"

"போகட்டும். ஒரு கை போச்சு. ஏணி ஏற முடியாது, விளக்கத் தூக்க முடியாது."

"போட்டுக்கிட்டே போனா?"

"சத்தம் கேக்கும்."

"ரொம்ப மோசமான ஆளு லா நீ," என்றான். பத்து வருடத்தில் அவனிடமிருந்து நான் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான்.

ஆனால் உடனேயே இன்னொன்றும் சொன்னான். "அந்த நிழல் கணக்கத் தூக்கிடு. ரெண்டும் இருந்தா திரும்பக் கொழப்பம்தான். கண்ணால பார்த்தா புடிக்கட்டும், சத்தம் கேட்டா புடிக்கட்டும், செருப்பப் பார்த்தா புடிக்கட்டும். அவ்வளவுதான்."

ஒரு வருட உழைப்பு. முடியாது என்று கத்தினேன். அக்காவை நியாயம் சொல்லச் சொன்னேன்.

"எனக்கு அந்த நிழல் எப்பவுமே புரிஞ்சதில்ல," என்றாள்.

அன்று மாலையே நிழல் கணக்கை எடுத்துவிட்டேன். அடுத்த எட்டு நாளும் அலுவலகத்தில் யாரோடும் நல்ல வார்த்தை பேசவில்லை. செருப்பைப் பார்த்ததும் காவலாளி நிற்க வேண்டும், குனிய வேண்டும், கதவைப் பார்க்க வேண்டும், பிறகுதான் உள்ளே வர வேண்டும். அந்த நான்கு அசைவுகளுக்கு ஏழு நாள் போயிற்று. தன் அடிதடி வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அவனும் கூடவே உட்கார்ந்தான். எதற்கு என்று தலைவி கேட்டபோது, இது நன்றாக வரும் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை சிராங்கூன் சாலையில் ஒரு கடைக்கு மேல்மாடி அறையில் நடந்தது. கூட்டாளி கோயிலில் பூசை முடிந்து நேரே வந்தான். ஆடிப் பார்க்க வந்தவர்கள் படியேறி வந்து, அறை வாசலில் யாரும் சொல்லாமலேயே காலணிகளைக் கழற்றினார்கள். கீழே பூக்கடையிலிருந்து மல்லிகை வாசம் வந்துகொண்டிருந்தது, எனக்கோ அது தலைவலியைத்தான் கிளப்பியது. முதலில் ஆடிய ஒருவருக்கு ஒளிவதே பிடிக்கவில்லை, அடித்துக்கொண்டே போனார். அடுத்தவருக்கும் அப்படித்தான். மூன்றாவது நாற்காலியில் தலைவியே வந்து உட்கார்ந்தார்.

கிடங்கு வாசல் வரை அழகாகப் பதுங்கிப் போனார். நிலைப்படியில் செருப்பைக் கழற்றினார். உள்ளே போய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்தார். வெளியே காவலாளி வந்தான், நின்றான், குனிந்தான். கதவைப் பார்த்தான்.

தலைவி நெற்றியில் அடித்துக்கொண்டார். ஐயோ, என் செருப்பு, என்றார் ஆங்கிலத்தில். பிடிபட்டார். நாங்கள் யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் மறுபடி ஆரம்பித்துவிட்டார். அன்று மத்தியானத்துக்குள் இன்னும் ஐந்து பேர் அதே இடத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். ஏன் மாட்டினோம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முடிந்ததும் தலைவி என்னிடம் வந்தார். மாட்டினால் இப்போது விளையாட்டைத் திட்டாமல் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள், ஒளியும் வழி இருக்கட்டும் என்றார். நான் நன்றி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி, தேக்கா கடைத்தொகுதிக்குப் போய் ஒரு தே தாரிக் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு அழுதேன். கூட்டாளி எதிரில் உட்கார்ந்து தோசை தின்றான். என்னைப் பார்க்காத மாதிரியே தின்றான், அதற்காக அவனுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

விளையாட்டு வெளிவந்த வார இறுதியில் அக்கா அதை ஆட உட்கார்ந்தாள். சனிக்கிழமை அரை மணி ஆட்டம், ஒரு மணி ஓய்வு. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. மதியத்துக்குப் பிறகு கடைசிக் கிடங்குக்கு வந்து சேர்ந்தாள். அங்கே மூன்று கதவுகள். தம்பி இருப்பது மூன்றாவதில். காவலாளியைத் தாண்டிப் போவது கஷ்டம், அதைக் கஷ்டமாக்கியது நானேதான். அக்கா முதல் கதவு வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே போகவில்லை. வெறுங்காலோடு மூன்றாவது கதவு வரை நடந்து, ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். காவலாளி வந்தான். செருப்பைப் பார்த்தான், குனிந்தான், முதல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே தேடப் போனான்.

இப்படிச் செய்யலாம் என்று எங்கள் பதினோரு பேரில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. சின்ன வயதில் என்னைத் தோற்கடித்த அதே அக்காதான்.

தம்பி வெளியே வந்தான். படகு கிளம்பியது. விளையாட்டில் வேலை செய்தவர்களின் பெயர்கள் திரையில் மேலேறின. சோதித்தவர்கள் பட்டியலின் கடைசியில், பெயர் எதுவும் இல்லாமல், தோ பாயோ அக்கா என்று ஒரு வரி வந்து போயிற்று.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ போட்டியா?"

"சத்தியமா இல்ல. எனக்கே தெரியாது."

அவளுக்குப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடுங்கிக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டாள்.

"அந்தத் தம்பிகிட்டச் சொல்லு, அன்னைக்கு வாங்கிட்டு வந்த மீன் கஞ்சில உப்பே இல்ல."

"சொல்றேன்."

கருவியை என்னிடம் கொடுப்பாள் என்று கையை நீட்டினேன். அவள் அதை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"மொதல்லேர்ந்து போடு," என்றாள்.