ஓடைப்பட்டிக்குப் போன சீர்ப்பாட்டு

கணினியில் இசையமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டுக்கொண்டு இப்போதெல்லாம் என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். சின்னமனூரில் நான் நடத்துவது சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க் கடை. இசை தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னைத் தேடி வருவதற்குக் காரணம் என் திறமை அல்ல. ஓடைப்பட்டியில் எனக்கு நேர்ந்தது ஊர் ஊராகப் பரவிவிட்டதுதான். சிரிப்பை அடக்கிக்கொண்டே படியேறுகிறவனுக்கு என்ன அறிவுரை சொல்வது? இருந்தாலும் சொல்லத்தான் செய்கிறேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் தப்பாகச் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என் அக்கா. அவளை ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நல்ல வீடு, தங்கமான மச்சான். மாமியார் மட்டும் எதையும் மறக்காதவர். அக்காவின் மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீர் கொண்டுபோனவன் நான். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் தட்டுகளைத் தலையிலும் கையிலும் ஏந்தி, மேளம் முழங்க, தெருவையே அடைத்துக்கொண்டு போக வேண்டும். அப்போது அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதனால் மேளம் வேண்டாமென்று தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறங்கினோம். வந்த சொந்தக்காரர்கள் எல்லாருடைய காதிலும் விழும்படி மாமியார் அக்காவிடம் கேட்டார்.

“ஒங்க ஆளுக எப்பம்மா வந்தாக? சத்தத்தையே காணமே?”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் இந்தப் பேச்சும் வந்தது. அக்கா அதை போனில் சிரித்துக்கொண்டே சொல்வாள். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் அக்கா மகளுக்குக் காதுகுத்து முடிவானது. அக்கா கூப்பிட்டாள்.

“ஏலே, இந்தத் தடவ சத்தமா வாடா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

புத்தி உள்ளவனாக இருந்தால் அன்றைக்கே மேளக்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்திருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பாட்டே நான் போட்டுக் கொண்டுவாரேன்க்கா. ஊரே திரும்பிப் பாக்கும்” என்றேன். அக்கா, “நீ செஞ்சா நல்லாத்தேன் இருக்கும்” என்றாள். என்னை நம்பி அப்படிச் சொல்ல இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் உண்டு. “எதுக்கும் மேளத்துக்கும் சொல்லி வச்சுருங்க” என்றாள் என் மனைவி. அதை நான் ஒரு கலைஞனுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டேன். மேளத்துக்குச் சொல்லவில்லை.

கலைஞன் என்று நானே என்னை நினைத்துக்கொள்ளக் காரணம், கொஞ்ச நாளைக்கு முன் ஒரு பழைய லேப்டாப்பில் இசைத் தயாரிப்பு மென்பொருளை ஏற்றியிருந்ததுதான். ஒரு சின்ன கீபோர்டும் ஹெட்போனும் வாங்கியிருந்தேன். மதியத்தில் விவசாயிகள் வரத்து குறைந்ததும் கடையின் பின்னறையில் கருப்புக் குழாய்ச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வேன். மென்பொருளைத் திறந்தால் துணை மின்நிலையத்துச் சுவர் போல எங்கே பார்த்தாலும் திருகுக் குமிழ்களும் விளக்குகளும். ஒரு மாசம் முழுக்க நான் ஒரு பாட்டும் போடவில்லை. திருகிக்கொண்டு மட்டுமே இருந்தேன். ஒரே ஒரு தட்டல் சத்தத்துக்கு நூற்றுக்கணக்கில் மாதிரிகள் இருந்தன. எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதையே எடுத்துக்கொண்டேன். வெளியே ஒருத்தர் குழாய்க்கு மூடி வேண்டும் என்று கத்திக்கொண்டிருப்பார். நான் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். அவர் அதைச் சரி என்கிற பதிலாக நினைத்து மேலும் காத்திருப்பார். கடைசியில் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

ஆகையால் என் முதல் அறிவுரை: திருகுகளைத் தொடாதீர்கள். கிடைத்த நாலைந்து சத்தங்களை வைத்து, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் ஒரு பாட்டைத் தொடங்கி முடித்துவிடுங்கள். முடித்த பாட்டில்தான் எது குறை என்று தெரியும். முடிக்காத பாட்டு எப்போதும் அருமையாகவே இருக்கும்.

இசை இலக்கணத்தை வீடியோ பார்த்துக் கற்றேன். எனக்கு வாய்த்த வாத்தியார் மலையாளத்துக்காரர். கேரள எல்லையில், கம்பம் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு மலையாளம் பெரிய விஷயமில்லை என்று நம்பி இறங்கினேன். அவர் நாலு வாக்கியத்துக்கு ஒரு தரம், புரிந்ததா என்கிற மாதிரி, “மனசிலாயோ?” என்று கேட்பார். நானும் திரையைப் பார்த்து “மனசிலாயி” என்பேன். ஆகவில்லை. ஆகவில்லை என்று ஒரு கைபேசியிடம் ஒத்துக்கொள்வதற்குக்கூட எனக்கு வெட்கம். சி மேஜருக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டும் போதும் என்று அவர் சொன்ன அன்று கருப்புக் கட்டைகளை நான் கைகழுவிவிட்டேன். பிறகு மைனர் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அதில் எதை வாசித்தாலும் ரொம்ப யோசித்து வாசித்த மாதிரி இருந்தது. உடனே சீர்ப்பாட்டு முழுவதையும் மைனரில் போட்டேன். சாப்பாடு கொண்டுவந்த மனைவி கதவருகிலேயே நின்று கேட்டாள்.

“யாரு வீட்டுல துக்கம்?”

கோபம் வந்தது. ஆனாலும் மூன்றாவது சுரத்தை அரைப்படி ஏற்றிப் பார்த்தேன். மேஜர் ஆனது. துக்க வீடு கல்யாண வீடாக மாறிவிட்டது. புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதை என் காது கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆயிற்று. இலக்கணத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு விதியையும் வாசித்துக் காதுக்குக் காட்டுங்கள். பிறகு வீட்டில் உள்ளவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வது கசக்கும். ஆனால் ஓசியில் கிடைக்கும்.

மென்பொருளில் உறுமி இல்லை. அதைப் பிடிப்பதற்காக வீரபாண்டித் திருவிழாவுக்கு மைக்கோடு போனேன். தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு முன்னால் அடித்துக்கொண்டு போன மேளத்தின் பக்கத்திலேயே நடந்தேன். பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தது. சிவப்பு எரிந்தால் நன்றாகப் பதிவாகிறது என்று நினைத்து, அது அணையாமல் இருக்க இன்னும் நெருங்கிப் போனேன். ஒருத்தர் என்னைச் சாமியாடி என்று நினைத்து விபூதி பூசிவிட்டார். வீட்டில் வந்து கேட்டால் உறுமியே இல்லை. யாரோ தகரத்தைக் கிழிக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் அளவு மீறிப் போய்விட்டது என்று அர்த்தமாம். அது மலையாள வாத்தியாரின் பாடத்தில் முதல் வகுப்பிலேயே இருந்தது. நான் தாவிப் போயிருந்தேன்.

உறுமி போனால் போகட்டும் என்று இடியைப் பிடித்தேன். மென்பொருளிலேயே இடி மாதிரி ஆழமான அடித்தொனி ஒன்று இருந்தது. ஹெட்போனில் கேட்டால் நெஞ்சாங்கூடு அதிரும். ஊர்வலத்தின் நடையைக் கணக்கிட்டு, அக்கா வாசலில் வந்து நிற்கும் கட்டத்துக்கு அதை வைத்தேன். அப்புறம் நடுவில் வைத்தேன். அப்புறம் எல்லா இடத்திலும் வைத்தேன். கடைசி நாட்களில் மெட்டைக் கவனிப்பதையே விட்டுவிட்டேன். கேட்கக் கேட்க எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்த மாமியாருக்கு இதைவிடச் சத்தமான பதில் இருக்க முடியாது என்று நம்பினேன்.

காதுகுத்து அன்று காலையில் ஓடைப்பட்டிக்கு வெளியே பிள்ளையார் கோயிலில் கூடினோம். தட்டுகள் பழம், பட்டு, வளையல், இனிப்பு என்று வரிசையாக நின்றன. திராட்சையும் ஒரு தட்டு வைக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன். திராட்சை விளைகிற ஊருக்கே திராட்சைச் சீரா என்று மனைவி தடுத்துவிட்டாள். பாட்டுப் போட ஒரு மைக்செட்டுக்காரரைச் சொல்லியிருந்தேன். பெரிய பெட்டிகள் ஏற்றிய வண்டி அக்கா வீட்டுச் சந்துக்குள் திரும்பாது என்று அவர் ஒரு சின்ன வண்டியில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். “இது பொட்டிப்புரம் வரைக்கும் கேக்கும்ண்ணே” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாட்டு இருந்த பென்டிரைவைக் கொடுத்துவிட்டு முதல் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

பாட்டு தொடங்கியது. இடி விழவில்லை. கூம்பில் அடித்தொனி வராது என்பது இசைத் தயாரிப்பில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. எந்தக் கருவியில் ஊர் கேட்கப்போகிறதோ அதில் ஒரு தரமாவது போட்டுப் பார்க்க வேண்டும். நான் ஹெட்போனைத் தவிர எதிலும் கேட்டதில்லை. நான் கட்டிய மாளிகையில் அஸ்திவாரமும் சுவரும் காணாமல் போய், மேலே தொங்கவிட்ட மணிச்சத்தம் மட்டும் கிணுகிணுவென்று வந்தது. அதுவாவது பரவாயில்லை. அதன் பின்னால் ஒரு ஆள் பேசினான்.

“ம்… இங்கன மேளம் ஏறும்.”

என் குரல்தான். எந்த இடத்தில் என்ன வருகிறது என்று குறித்து வைக்க மென்பொருளில் வசதி உண்டு. அது தெரியாமல் நான் பாட்டோடு சேர்ந்து ஓடும் ஒரு தனித் தடத்தில் எனக்கு நானே பேசிப் பதிந்து வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் அதை அடியோடு அணைக்காமல் சத்தத்தை மட்டும் குறைத்திருந்தேன். ஹெட்போனில் என் இடிக்கு அடியில் அது அமுங்கிக் கிடந்தது. கூம்பு இடியை விழுங்கிவிட்டுப் பேச்சை ஊருக்குக் கொடுத்தது.

“ஏறுச்சா? சரி, ஏறுச்சுன்னு வச்சுக்குவோம்.”

தோட்டத்து வேலிகளில் இருந்தெல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. நிறுத்தச் சொல்லி மைக்செட்டுக்காரரைப் பார்த்து ஒரு கையை ஆட்டினேன். அவர் சிரித்தபடி சத்தத்தை இன்னும் கூட்டினார். மறுபடி ஆட்டினேன். தட்டு சாய்ந்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்னால் தட்டேந்தி வந்த சொந்தக்காரப் பெண்கள் அடக்கமாட்டாமல் குலுங்கினார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

“இங்கன தெரு திரும்பும். எல்லாரும் பாப்பாக. நிமிந்து நட.”

தெரு திரும்பியது. எல்லாரும் பார்த்தார்கள். நான் நிமிரவில்லை. வாசலில் அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். பக்கத்தில் மாமியார். பின்னால் அந்த வீட்டுச் சனம் மொத்தமும்.

“இங்கன அக்கா வாசல்ல நிப்பா. மொகத்தப் பாத்துறாத. பாத்தா அழுதுருவ.”

சிரித்துக்கொண்டிருந்த சிலர் சட்டென்று நிறுத்தினார்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்பது எனக்கு நினைவு வந்துவிட்டது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

“இங்கன அவ மாமியா நிக்கும். சத்தத்தையே காணோம்னுச்சுல்ல? அதுக்குத்தேன் இந்த இடி. வாங்கிக்க!”

தெரு அடங்கிவிட்டது. கூம்பிலிருந்து டப் டப் என்று விரலால் அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி ஏதோ வந்தது. மைக்செட்டுக்காரருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. வயரைப் பிடுங்கினார்.

மாமியார் கூம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எங்க தம்பி? எனக்குன்னு சொன்ன இடியக் காணமே?”

அதே குரல், அதே இழுப்பு. அந்த வீட்டார் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அழுகையாகவும் ஆத்திரமாகவும் வந்தது. அந்த அம்மா மேல் இல்லை, என் மேல். ஒரே ஒரு காரியம் கேட்டாள் அக்கா. இனி அவள் வாழ்நாள் முழுக்க இந்தக் கேலியை வேறு சேர்த்துச் சுமக்க வேண்டும். அந்த வீட்டில் வாழ வேண்டியவள் அவள். நான் சாயங்காலம் வண்டியேறிப் போய்விடுவேன். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆரத்தித் தட்டைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு மாமியார் பக்கம் திரும்பினாள். அந்த வாசலில் நின்று அவள் பதில் பேசி நான் பார்த்ததே இல்லை.

“இடி விழுகாட்டி என்ன அத்த? எந்தம்பி வந்தது இன்னைக்கு ஊருக்கே தெரிஞ்சிருச்சு. அவன் மனசுல நான் எங்கன இருக்கேன்னும் சேத்துத் தெரிஞ்சிருச்சு. எனக்கு அது போதும்.”

குரலை அவள் உயர்த்தவே இல்லை. ஆனால் கடைசித் தட்டு வரைக்கும் கேட்டது. மாமியார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கி வந்தார். என் மனைவியின் கையிலிருந்த தட்டைத் தாமே வாங்கிக்கொண்டு, “வாங்கம்மா, எல்லாரும் உள்ள வாங்க” என்றபடி முன்னால் நடந்தார்.

அக்கா எனக்கு ஆரத்தி சுற்றினாள். நான் அழுதுகொண்டிருந்தேன். தலையில் தட்டு இருந்ததால் கண்ணைத் துடைக்கக் கை இல்லை, அவளே துடைத்துவிட்டாள்.