கஞ்சிக்குத் தேங்காய்ப்பூ

கலேவெலயில் எங்கள் பள்ளிவாசலில் நோன்பு மாதம் முழுக்கக் கஞ்சி காய்ச்சுவார்கள். பாங்கு சொல்லும் மோதினார்தான் மேற்பார்வை. யாருக்கும் சம்பளம் கிடையாது, யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்; மனமிருந்தால் போய் வெங்காயம் உரிக்கலாம், விறகு பிளக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் ஒருவரும் போனதில்லை. வாப்பாவுக்குக் கடை, உம்மாவுக்கு நாங்கள்.

அந்த வருஷம் உம்மாவின் தங்கை, என் சாச்சி, எங்களோடு இருந்தார். வெளிநாட்டிலிருந்த கணவர் தலாக் சொல்லிவிட்டார். இத்தாக் காலம் முடிந்து, இனி வெளியே போகலாம் என்றான பிறகும் அவர் பின்னறையை விட்டு வரவில்லை. யாராவது வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். சாப்பாடும் பேருக்குத்தான். உம்மா அடுப்படியில் நின்று அழுவார். எனக்குப் பயமாக இருந்தது.

முதல் நோன்பன்று வாப்பா ஒரு சாக்குத் தேங்காயோடு வந்தார். "பள்ளில தேங்காய் துருவுற மெஷின் பழுதாப் போச்சு. துருவ ஆளில்லாம மோதினார் தலைல கை வச்சிட்டு இருக்காரு," என்றார், பின்னறையைப் பார்த்து. உம்மா உடனே, "எனக்குக் கை தூக்கவே ஏலாது," என்றார். காலையில்தான் அதே கையால் என் முதுகில் ஒன்று வைத்திருந்தார்.

சாச்சி எழுந்து வந்து துருவலையை எடுத்தார். பிறகு தினமும் சாக்கு வந்தது. பக்கத்து வீட்டு மாமியும் தன் துருவலையோடு வந்து உட்கார்ந்தார். சாச்சி கதவைச் சாத்தவில்லை.

ஒருநாள் வாளியோடு கஞ்சி வாங்கப் போனவள் பள்ளிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நோன்பு திறந்து எல்லோரும் கஞ்சி குடிக்கும்போது போட்டு உடைத்துவிட்டேன். "மெஷின் நல்லாத்தானே ஓடுது. சாச்சி ஏன் சும்மா கை நோகத் துருவுறாங்க?"

வாப்பா கோப்பைக்குள் பார்த்தார். உம்மா என் தொடையைக் கிள்ளினார். சாச்சி கஞ்சியை ஊதிக் குடித்துவிட்டு, "அந்த மெஷின்ல தேங்காய் ஓட்டுத்தூள் கலக்கும். கஞ்சி கறுத்துப்போகும்," என்றார். "நாளைக்குச் சாக்கைத் தூக்கிட்டு வராதீங்க மச்சான். நானே பள்ளிக்குப் போய்த் துருவிக் குடுக்கிறேன்."

மறுநாள் போனார். இன்று அங்கே புதிதாக வரும் பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதே அவர்தான்.

அன்று நானும் கூடப் போய், மெஷின் துருவிப் போட்ட தேங்காய்ப்பூவை அள்ளிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓட்டுத்தூள் ஒரு பொட்டும் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பொய் சொன்னால் நோன்பின் நன்மை போய்விடும் என்று மத்ரஸாவில் சொல்லித் தந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் மூன்று பெரியவர்களுக்கும் இது தெரியவில்லையே என்று, அல்லாஹ் அவர்களை மன்னிக்க வேண்டுமென துஆக் கேட்டேன்.