சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பு

அந்த அம்மா சிரித்த சிரிப்பு ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை.

என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மாதான் எல்லாம். இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் இங்கிலீஷ்தானாம். நானோ சிலிம் ரிவர் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, கல்யாணமாகிப் புந்தோங்குக்கு வந்தவள். என் இங்கிலீஷ், சூப்பர்மார்க்கெட் கவுண்டரில் நின்று பழகிய இங்கிலீஷ். பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? காப்பித் தட்டை நீட்டிக்கொண்டே, “மை டாட்டர் அண்ட் மீ இஸ் வெரி ஹேப்பி” என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், தலை குனிந்துகொண்டார்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் மகளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன்டி சிரிச்சாங்க?”

“ஒன்னும் இல்லம்மா. ரெண்டு பேருன்னா ஆர் வரணும். நீங்க இஸ் போட்டுட்டீங்க, அவ்ளோதான்.”

அவ்வளவுதானாம்! என்னைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு என் பிள்ளை அங்கே போய்ச் சாம்பாரில் உப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டால்? ‘அம்மா லட்சணம்தான் தெரியுமே’ என்று அவளையும் இளக்காரமாகப் பார்க்க மாட்டார்களா?

நிச்சயதார்த்தத்தில் இரண்டு வீட்டு ஆட்களும் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும். என் வீட்டுக்காரர் மைக்கைப் பார்த்தாலே வெளியே நடந்துவிடுபவர். ஆக, நான்தான். “இங்கிலீஷ்லயே பேசுறேன். தப்பில்லாம சொல்லிக் குடு” என்று மகள் முன்னால் உட்கார்ந்தேன்.

அப்பப்பா! எவ்ரிவன் என்றால் எல்லாரும். ஆனால் அதற்கு இஸ்தானாம். ஃபேமிலிக்கும் இஸ். வீடு நிறைய ஆள் இருக்கிறோமே என்றால், “குடும்பம் ஒன்னுதானேம்மா” என்கிறாள். ‘ஒன் ஆஃப் மை சிஸ்டர்ஸ்’ என்று சொல்லும்போது, கடைசியில் நிற்கும் சிஸ்டர்ஸ் கும்பலைப் பார்க்கக் கூடாதாம். முன்னால் நிற்கும் ஒருத்தியைப் பார்த்து இஸ் போட வேண்டுமாம். சரி, பழகிவிட்டேன் என்று நிமிர்ந்தால், ‘அப்பாவும் இல்லை, மாமாக்களும் இல்லை’ என்று சொல்ல நெய்தர், நார் என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். அதற்கு மட்டும் கிட்டத்தில் நிற்கிற ஆளைப் பார்க்க வேண்டுமாம்.

“போடி, சூசா லா, ரொம்பக் கஷ்டம்! மலாய் எவ்ளோ நல்ல பாஷை. ஒருத்தர் சாப்பிட்டாலும் மாக்கான், ஊரே சாப்பிட்டாலும் மாக்கான்.”

“அப்ப தமிழ்லயே பேசுங்களேன்ம்மா.” ஏனோ தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

“மாட்டேன்!” எனக்கு ரோஷம். அடுப்படியிலும் பஸ்ஸிலும் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன்.

நிச்சயதார்த்தம் ஈப்போவில் ஒரு மண்டபத்தில். தட்டு மாற்றும் முன், மாப்பிள்ளை வீடுதான் முதலில் பேச வேண்டும். அந்த அம்மா மைக்கை வாங்கினார். இங்கிலீஷ் கொட்டப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். நானும் என் மகனும் ரொம்ப சந்தோஷமா இருக்கேன்.”

நான் அன்றைக்குச் செய்த அதே தப்பு, தமிழில். பின்வரிசையில் என் நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

“யாரு அது சிரிக்கிறது? வாய மூடு லா!” என்று கத்திவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அந்த அம்மா மைக்கைத் தாழ்த்தி என் பக்கம் குனிந்து, தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

“என் தமிழ் இவ்ளோதான் லா, சம்பந்தி. அன்னைக்கு நீங்க எனக்காக இங்கிலீஷ்ல பேசினீங்க. பதிலுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை எனக்கு வரல. வெக்கமாப் போச்சு. என்ன செய்யறதுன்னு தெரியாம சிரிச்சேன். ஒரு மாசமா உங்க மகதான் போன்ல சொல்லிக் குடுக்கிறா. அம்மாகிட்ட சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன்.”

திரும்பி மகளைப் பார்த்தேன். கள்ளி, மடியில் கிடந்த பூவை எண்ணுகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்து என் முறை. எழுந்தேன். “எவ்ரிவன் இஸ் ஹேப்பி. மை ஃபேமிலி இஸ் ஹேப்பி.” இரண்டும் சரியாக வந்தன. அதற்குப் பிறகு இருந்தது சுத்தமாக மறந்துவிட்டது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். யாரும் சொல்லிக் கொடுக்காத ஒன்று வாயில் வந்தது.

“ப்ளீஸ், டேக் கேர் மை டாட்டர்.”

அவர் தாளைப் பார்க்கவில்லை.

“அவ எனக்கும் மகதான்” என்றார்.